செய்தோரும் விற்போரும்: பொருநைக் கரைத் திருவிழாக் கடைகள் பற்றிய ஓர் ஆய்வு

தமிழர் வாணிக வரலாற்றை ஆராய்ந்த அறிஞர் பெருமக்கள், கலத்தில் சென்றோரையும் காலில் சென்றோரையும், சாத்தர், பரதர், ஐந்நூற்றுவர் முதலாய குழுவினரையும் விரித்துரைத்துள்ளனர். தொழில் வரலாற்றை ஆராய்ந்தோர் கொல்லர், தச்சர், குயவர், நெய்வோர் ஆகியோர்தம் கைத்திறனை எடுத்தோதியுள்ளனர். இவ்விரு வரலாறுகளுக்கும் இடையே ஒருவர் நிற்கின்றார். அவர் தாம் செய்த பொருளைத் தாமே சுமந்து வந்து, திருவிழா நாளில் தேரோடும் தெருவின் ஓரத்தே துணி விரித்து அமர்ந்து, வருவோர் போவோரிடம் விலை சொல்லி விற்றுச் செல்பவர். வணிக வரலாற்றில் இவர்க்கு இடமில்லை. இவரிடம் கலமும் இல்லை, பொதிமாடும் இல்லை. தொழில் வரலாற்றிலோ, பொருள் பட்டறையை விட்டு வெளியேறியதும் இவரைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகின்றது.

இத்தகையோரைப் பொருநையாற்றுக் கரையிலே வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் எல்லை. பொதியில் மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலொடு கலக்கும் இவ்வாறு ஏறத்தாழ 128 கி.மீ. நீளமுடையது. அதன் மேற்பகுதியில், அம்பாசமுத்திரத்திற்கும் திருநெல்வேலிக்கும் இடைப்பட்ட சிறு நிலப்பரப்பில், மரச்சொப்பும் கோரைப்பாயும் மட்பாண்டமும் கைத்தறிச் சேலையும் ஒன்றையொன்று ஒட்டிய ஊர்களில் செய்யப்பட்டு வருகின்றன. ஆதிச்சநல்லூர்த் தாழிகளையும் வெண்கலக் கலங்களையும் காட்டி இவ்வாற்றங்கரைக் கைத்தொழிலின் தொன்மையைப் பேசுதல் எளிது, பலரும் பேசியுள்ளனர். ஆயின் அக்கலங்களைச் செய்தோர் எவர்க்கு, எவ்விடத்தில், எதற்கு ஈடாக அவற்றைக் கொடுத்தனர் என்னும் வினாவிற்குத் தாழிகள் விடை கூறுவதில்லை. ஆதலின் சொற்களிலிருந்து தொடங்குவோம்.

மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மதுரைத் தெருவில் அந்திப்பொழுதில் திரண்ட மக்களை வரிசையாகக் காட்டுகின்றார். சங்கினை அறுத்து வளை கடைவோர், மணிகளுக்குத் துளையிடுவோர், பொன்னணி புனைவோர், பொன்னை உரைத்துப் பார்ப்போர், செம்பினை நிறுத்துக் கொள்வோர், ஓவியர் எனச் செல்லும் அவ்வரிசையில் ஒரு சொல்லாட்சி கருதற்பாலது. அங்கே குறிக்கப்பெறுவோருள் பலர் தாம் செய்யும் வினையாலேயே பெயர் பெற்றுள்ளனர். கடைநர், குயினர், புனைநர் என்பன செய்தற் பெயர்கள். துணியைச் சொல்லுமிடத்து மட்டும் புலவர் ‘பகர்நர்’ என விற்றற் பெயரை ஆள்கின்றார். துணி விற்போர் ஒரு தனிக் கூட்டமாக அன்றே பிரிந்துவிட்டனர் என இதனாற் கொள்ளலாம். ஆயின் அதே வரிசையின் இறுதியில், சிறியோரும் பெரியோருமாகிய கம்மியர், குறியனவும் நெடியனவுமாகிய துணி மடிகளைக் கொணர்ந்து விரித்துக் கூடியிருந்ததாகவும் புலவர் கூறுகின்றார். இக்கம்மியரை நெய்தற்றொழில் செய்வோர் எனவே உரைவழி கொள்வர்.

இதன் பொருளை நுணுகி நோக்குக. ஒரே தெருவில், ஒரே மாலைப் பொழுதில், துணி விற்பவரும் இருந்தனர். துணி நெய்தவர் தாமே விரித்து அமர்ந்தும் இருந்தனர். முன்னவர் தோன்றியதால் பின்னவர் மறைந்தாரல்லர். செய்வோரே விற்ற காலம் ஒன்று, வணிகர் விற்ற காலம் மற்றொன்று என வரலாற்றை இரு படியாக அடுக்கிக் காட்டும் வழக்கத்தை இச்சான்று ஏற்கவில்லை. சிறியரும் பெரியரும் என்று புலவர் குறித்ததும் வாளா குறித்ததன்று. தனிவணிகன் ஒருவன் தன் கடைக்குச் சிறுவரை அழைத்துவர வேண்டுவதில்லை. குடும்பமாகத் தறியில் உழைப்போரோ தெருவிற்கும் குடும்பமாகவே வருவர். திருவிழாக் கடைகளில் இன்றும் காணும் காட்சி அது.

சிலப்பதிகாரத்திலும் கைவினைஞர் பெயர்நிரல் இந்திரவிழவு ஊரெடுத்த காதையிலேதான் அமைந்துள்ளது என்பதை மாணவர் பலர் கருதுவதில்லை. கஞ்சகாரர், செம்பு செய்வோர், தச்சர், கொல்லர், மண்ணீட்டாளர் முதலியோரை அடிகள் மருவூர்ப்பாக்கத்து இருக்கைகளில் வைத்துக் கூறுகின்றார். நாளங்காடியோ மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் இடையே உள்ளது. செய்யும் இடம் வேறு, விற்கும் இடம் வேறு என்பது தெளிவு. எனினும் இரண்டும் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. விழாவைப் பாட எடுத்துக்கொண்ட புலவர்க்குக் கைவினைஞரைப் பாடாது விழாவைத் தொடங்க இயலவில்லை போலும்.

‘கடை’ என்னும் சொல்லையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் தகும். பழைய இலக்கியத்தில் அச்சொல் வாயிலைக் குறிக்கும்; நெடுங்கடை, கடைத்தலை என்னும் வழக்குகளை அறிவோம். பொருள் விற்கும் இடம் என்னும் கருத்து அதன்பால் ஏறியதற்கு, வீட்டு வாயிலிலேயே பொருளை வைத்து விற்ற வழக்கம் காரணமாகலாம் என யாம் கருதுகின்றோம். இது துணிபு அன்று, கருத்தே. மரத்தைக் கடைதல் என்னும் வினையை இப்பெயரொடு பிணைத்துக் கடைவோர் இருந்த இடமே கடை என முடிவு கட்டுவாரும் உளர். ஒலியொப்புமை ஒன்றையே பற்றிச் செல்லும் அவ்வழி ஆராய்ச்சி நெறிக்குப் பொருந்தாது. சொல் பற்றிய விளையாட்டு இனிமையானதே. ஆயின் அது சான்றாகாது.

கல்வெட்டுகளுக்கு வருவோம். இன்றைய அம்பாசமுத்திரம் பழங்காலத்தில் முள்ளிநாட்டு இளங்கோக்குடி என வழங்கியது. கி.பி. 9-ஆம் நூற்றாண்டைச் சார்ந்த வரகுண மகாராசரின் கல்வெட்டு, அவ்வூர்ச் சபையாரிடம் 290 காசு முதலாக வைக்கப்பெற்றதையும், அம்முதல் கெடாமல் அதன் பொலிசையாக வரும் நெல்லைக் கொண்டு கோயிலின் நாள்வழிபாடு நடைபெற வேண்டியதையும் கூறுகின்றது. காசும் நெல்லும் கணக்கிட்டு மாறிய ஊர் அது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கைவினைஞரைப் பற்றிக் கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கூறுவன பெரும்பாலும் வரிப்பெயர்களாகவே உள்ளன. தறியிறை, குசக்காணம், தட்டார்ப்பாட்டம், அங்காடிப்பாட்டம், உல்கு என்பன பல்லவர் முதலாகப் பாண்டியர் ஈறாகத் தமிழகம் எங்கும் காணப்பெறும் பெயர்கள். பொருநைக் கரைக்கு மட்டும் உரியன அல்ல. இவற்றை ஒருசேர வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். தறியிறையும் குசக்காணமும் செய்தற்கு உரிய வரி. அங்காடிப்பாட்டம் அமர்ந்து விற்பதற்கு உரிய வரி. உல்கு பொருள் வழியிற் செல்வதற்கு உரிய சுங்கம். செய்பவரும் கொண்டு செல்பவரும் விற்பவரும் வேறு வேறாயின் சுமை மூவர்மேல் பகிரப்படும். தாமே செய்து தாமே சுமந்து தாமே விற்றவர்க்கோ மூன்று வாயிலும் ஒருவர்க்கே திறந்திருக்கும். அரசு அவரை ஒருவராகக் காணவில்லை. மூன்று இடங்களில் மூன்று முறை கண்டது. இக்காலத்திலும் வாரச் சந்தைகளில் தரைவாடகை தண்டும் உரிமையை ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் ஏலத்தில் விடுகின்றன. அங்காடிப்பாட்டம் பெயர் மாறி வாழ்ந்து வருகின்றது என்க.

இனிப் பத்தமடை. சேரன்மாதேவியை அடுத்துள்ள இவ்வூரின் கோரைப்பாய் உலகப் புகழ் வாய்ந்தது. 1953-ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவிற்கு இவ்வூர்ப் பாய் ஒன்று பரிசாகச் சென்றது எனப் பாய் நெய்வோர் பெருமையோடு கூறுவர். தமிழ் பேசும் இசுலாமியராகிய லெப்பைக் குடியினர் இத்தொழிலை நெடுங்காலமாகப் பேணி வருகின்றனர். அவருள்ளும் பெண்களே தறியில் மிகுதியும் அமர்கின்றனர்.

இப்பாயின் நுண்மை கோரையைப் பக்குவம் செய்யும் முறையில் உள்ளது. ஆற்றங்கரையில் வளர்ந்த கோரையைப் பச்சையாக அறுத்து உலர்த்துவர். பின்னர் ஓடும் ஆற்றுநீரில் நாட்கணக்கில் ஊறவைப்பர். நீரை உண்டு கோரை பருக்கும்; உள்ளிருக்கும் சோறு நெகிழும். மீண்டும் உலர்த்திச் சோற்றை நீக்கிப் புறத்தோலை மெல்லிய இழைகளாகக் கீறுவர். சாயம் ஏற்றுதற்குப் பண்டு பதிமுகம் முதலிய இயற்கைப் பொருள்களைக் கையாண்டனர். இன்று வேதியியற் சாயமே பெருவழக்கு. பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக அமைய, இக்கோரை இழை ஊடையாகச் செல்லும். நுண்பாயின் நெருக்கத்தைக் கைத்தறியில் வழங்குவது போல் ‘கவுண்டு’ என்னும் அளவாற் கூறுவர். 100 முதல் 140 வரை நெய்யப்படுவன பட்டுப்பாய் எனப் பெயர் பெறும். ஒரு பட்டுப்பாய் முடிய வாரங்கள் பல ஆகும். ஓலைப்பாயை முடைதல் என்றும் இதனை நெய்தல் என்றும் வேறுபடுத்திக் கூறும் ஊர்வழக்கு தொழில் நுட்பத்திற்கு முற்றும் பொருந்துவது. எழுதுவோரோ இரண்டையும் முடைதல் என்றே எழுதிவிடுகின்றனர்.

இனி விற்பனையை நோக்குக. பட்டுப்பாய் திருவிழாக் கடைக்கு எளிதில் வருவதில்லை. வாரக்கணக்கில் உழைத்து நெய்த ஒன்றைப் புழுதித் தெருவில் விரித்து வைத்தல் எங்ஙனம்? திருவிழாவிற்கு வருவது பருங்கோரைப் பாய். நுண்பாயைப் பெற விரும்புவோரே நெய்வோர்தம் வாயிலுக்குச் செல்லுதல் மரபு. மணமகன் மணமகள் பெயரையும் மணநாளையும் எழுத்தெழுத்தாகப் பாயில் நெய்து தரவேண்டுமாயின், பெண் வீட்டார் சில திங்கள் முன்னரே வந்து பெயரை எழுதிக் கொடுத்துச் செல்வர். தெருவில் விரித்து விற்றல், வாயிலில் சொல்லி நெய்வித்தல் என்னும் இருவகை விற்பனையும் ஒரே குடும்பத்திற்கு உரியன. பருங்கோரைப் பாய் அன்றாடச் சோற்றைத் தந்தது. பட்டுப்பாய் பெயரைத் தந்தது. முன்னதை ஆலையில் செய்த நெகிழிப் பாயும் விசைத்தறிப் பாயும் வீழ்த்தியபோது, பின்னதும் தளர்ந்தது. நுண்தொழில் தனித்து நிற்கும் என எண்ணி அதற்கு மட்டும் பரிசும் பாராட்டும் வழங்கியோர் இத்தொடர்பை அறிந்திலர்.

பத்தமடையிலிருந்து மேற்கே ஆற்றையொட்டிச் சென்றால் காருகுறிச்சியும் வீரவநல்லூரும் கல்லிடைக்குறிச்சியும் அடுத்தடுத்து வரும். காருகுறிச்சி நாகசுரத்தால் நாடறிந்த ஊர். அதன் மட்பாண்டத்தை அறிந்தோர் அதனினும் குறைவு. பொங்கல் வருமுன் அங்குச் சூளைகள் ஓய்வதில்லை. வீரவநல்லூரில் சௌராட்டிர நெசவாளர் நெய்யும் செடிபுட்டாச் சேலை 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. இவ்விரு தொழில்களும் தனித்தனி ஆய்விற்கு உரியன; ஈண்டு விரிப்பின் பெருகும்.

திருவிழாக் கடையைப் பற்றிப் பேசுவோர் அம்பாசமுத்திரத்தைப் பேசாமல் இருத்தல் இயலாது. அவ்வூர் மரச்சொப்பு திருவிழாவிற்கென்றே பிறந்த பொருள். சொப்பு என்பது செப்பு என்பதன் திரிபு. சிமிழைக் குறித்த அப்பழஞ்சொல், சிறுமியர் வைத்து விளையாடும் சிறுகலங்களுக்கும் ஆயிற்று. சிறார் விளையாட்டுப் பொருளைச் சங்கப் பாடல்கள் இருவகையாகக் காட்டுகின்றன. ஐங்குறுநூற்றிலே வரும் பைஞ்சாய்ப் பாவை கோரையால் ஆயது. அதற்குக் கடையும் இல்லை, விலையும் இல்லை. குறுந்தொகை 61-ஆம் பாடலிலே வரும் சிறுதேரோ தச்சனால் செய்யப்பெற்றது. சிறுவர் அதன்மீது ஏறிச் செல்லார். கையால் இழுத்தே மகிழ்வர். விளையாட்டுப் பொருள் செய்தற்கென ஒரு தொழிலாளன் இருந்தான் என்பதற்கு இதுவே தக்க சான்று. பொருநைக் கரையில் கோரைக்கும் தச்சுக்கும் ஆகிய இவ்விரு மரபும் பத்துக் கல் தொலைவிற்குள் அடங்கியுள்ளமை வியப்பே.

சொப்புச் செய்வதைக் கடைசல் என்பர். கடைசல் பிடித்தல் என்பதும் வழக்கு. சங்கு கடைந்தோர்க்கு மதுரைக்காஞ்சி வழங்கிய வினையடியே இன்றும் மரம் கடைவோர் வாயில் உள்ளது. முன்னாளில் ஒருவர் கயிற்றை மாறி மாறி இழுக்க, மரக்கட்டை சுழலும். மற்றொருவர் உளியைப் பிடித்துக் கடைவார். இன்று மின்விசை இழுக்கின்றது. வடிவம் அமைந்தபின், சுழலும் மரத்தின்மேல் வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வினால் எழும் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தில் படியும். தாழை மடல்கொண்டு தேய்த்து மெருகேற்றுவர். தூரிகை இதில் நுழைவதே இல்லை. சிவப்பும் பச்சையும் மஞ்சளும் வளையம் வளையமாக அமைவது இதனால்தான்.

இதனைச் செய்வோர்க்குத் திருவிழாக்களே ஆண்டுக்கணக்கு. ஆனியில் நெல்லையப்பர் கோயில் தேர், அதனை ஒட்டிக் குற்றாலச் சாரல், ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்தையனார் கோயிலில் காட்டினுள்ளே குடில் அமைத்துத் தங்கும் பெருங்கூட்டம், கடற்கரையில் திருச்செந்தூர். இவ்வரிசையில் சொப்புக் கடை இடம் மாறி மாறிச் சென்றது. பெருந்தொற்றுக் காலமாகிய 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் நெல்லையப்பர் ஆனித் தேர் ஓடவில்லை. வழிபாட்டிற்கு மட்டும் நேர்ந்த தடையாகவே அதனைப் பலரும் கருதினர். தேரோடாத தெருவில் சொப்பும் விலைபோகாது என்பதைச் சொப்புக் கடைந்தோர் அறிவர்.

திருவிழாக் கடையை எஞ்சிய பொருளைத் தள்ளும் இடம் எனச் சிலர் எழுதுவர். எம் கருத்து வேறு. ஆனித் திருவிழா ஒன்றில் சொப்புக் கடை ஒன்றினருகே யாம் நின்றிருந்தோம். குழந்தையோடு வந்த அம்மையார் ஒருவர் பெட்டியிலிருந்த சொப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, “அண்ணாச்சி, இதுல மிக்ஸி இல்லியா?” என வினவினார். கடைந்தவர் சற்றே தயங்கி, “அம்மி இருக்கு, ஆட்டுரல் இருக்கு. மிக்ஸி அடுத்த தடவ கொண்டாறேன்மா” என்றார். அம்மையார் அம்மியையே வாங்கிச் சென்றார். கடைந்தவரோ தம் மகனிடம் ஏதோ கூறினார்.

நிகழ்ச்சி சிறிது; ஆயின் தொழில் வரலாறு இவ்விடத்தே நகர்கின்றது. அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு என்றிருந்த சொப்புத் தொகுதியில், பின்னர் எரிவளி அடுப்பும் அரைக்கும் பொறியும் மரத்தில் கடையப்பட்டு இடம்பெற்றன. எந்த அலுவலகமும் இம்மாற்றத்தை ஆணையிட்டு வருவிக்கவில்லை. வீட்டுச் சமையலறை மாறியதைக் குழந்தை கண்டது. குழந்தை கேட்டதைத் தாய் கேட்டாள். தாய் கேட்டது கடைந்தவர் செவியில் நேரே விழுந்தது. இடையே மூவர் இருந்திருப்பின் அச்சொல் பட்டறையைச் சென்றடைய ஆண்டுகள் ஆகியிருக்கும். சென்றடையாமலே போயிருத்தலும் கூடும். விற்றல் என்பது செய்தலின் ஒரு பகுதியாக இருந்தது என்பதே யாம் சொல்ல விழைவது.

இத்தொடர்பு எவ்வாறு அறுபட்டது? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை நோக்கி இருப்புப்பாதை வந்தது. பேட்டை, சேரன்மாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என அதன் நிலையங்களை எண்ணின், இக்கைத்தொழில் ஊர்களையே எண்ணியதாகும். பொருள் தொலைவு சென்றது. உடன் செய்தவர் செல்லவில்லை. மூலப்பொருளுக்கு முன்பணம் கொடுத்துச் செய்த பொருளை ஈடாகப் பெறும் இடைவணிகர் வழி வலுப்பெற்றது. முன்பணம் பெற்றவர் தம் பொருளுக்கு விலை சொல்லும் உரிமையை முன்னரே கொடுத்துவிட்டவராவார். ஆங்கிலேயர் காலத்து மாவட்டக் கையேடுகளும் விவரச் சுவடிகளும் தொழில்களைப் பொருள் வாரியாகவும் சாதி வாரியாகவும் வகுத்துக் கொண்டமையின், தெருவில் துணி விரித்தவர் அவற்றில் தனியே தோன்றுவதில்லை.

விடுதலைக்குப் பின்னர் அரசு இதனை அறியாமல் இல்லை. 1952-இல் அனைத்திந்தியக் கைத்தொழில் வாரியம் அமைந்தது. கமலாதேவி சட்டோபாத்தியாய் அதன் தலைமையை ஏற்றார். கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1973-இல் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பெற்று, அதன் விற்பனை நிலையங்கள் ‘பூம்புகார்’ என்னும் பெயர் தாங்கின. பெயரிட்டோர் தமிழ் அறிந்தோர் என்பதில் ஐயமில்லை. எனினும் அடிகள் கண்ட புகாரில் வினைஞர் தத்தம் இருக்கையில் இருந்தனர். இப்பூம்புகாரின் கண்ணாடிப் பேழையில் பொருள் மட்டும் உள்ளது. இதனைக் குறையாகக் கூறுகின்றோமல்லேம். இடைவணிகர்பால் சிக்கியோர்க்கு அந்நிலையங்கள் நேரிய விலையைத் தந்தன. அது பெரும் உதவி. ஆயினும் “மிக்ஸி இல்லியா” என்னும் வினா அங்குக் கேட்கப்படின், விற்பனையாளர் இல்லை என்று கூறுவதோடு அது முடியும்.

அண்மைக் காலத்தில் காற்று மாறி வீசுகின்றது. மகளிர் குழுக்களின் விற்பனைக் கண்காட்சிகளும், 1994-இல் தலைநகரில் தொடங்கிய தில்லி ஹாட் போன்ற நிலையான அங்காடிகளும், செய்தவரையே விற்கும் இடத்தில் அமர்த்த முயல்கின்றன. திருநெல்வேலிப் பொருட்காட்சித் திடலிலும் ஆனி மாதத்தில் கடைகள் நிரம்புகின்றன. இத்தகைய திடல்களில் எல்லாம் ஓர் இடர் உண்டு. இடவாடகை உயருந்தோறும் சிறுதொழிலாளர் வாயிலுக்கு வெளியே தள்ளப்படுகின்றனர். உள்ளே நெகிழிப் பொம்மைகள் ஒளிவிடுகின்றன. தேர்த்தெருவின் ஓரத்திலோ துணி விரிக்க ஒரு முழம் தரை போதும். திட்டமிட்டு அமைக்கப்பெற்ற கண்காட்சியினும் திட்டமிடாத திருவிழாத் தெரு ஏழைத் தொழிலாளர்க்கு இடந்தருவதாக இருந்தது என்பது எம் துணிபு. இதனை மறுப்போர் உளராயின் கேட்க விழைகின்றோம்.

புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-இல் இயற்றப்பெற்று 2003-இல் நடைமுறைக்கு வந்தது. பத்தமடைப் பாய் 2013-இலும் அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் 2025-இலும் அக்குறியீட்டைப் பெற்றன. போலிகளைத் தடுக்க இது பயன்படும். ஆயின் சட்டம் காப்பது ஊரின் பெயரை. அவ்வூரில் தொழில் செய்வோர் உரிமையுடைய பயனாளராகத் தம் பெயரைத் தனியே பதிந்துகொள்ளவும் அதே சட்டம் இடந்தருகின்றது. குறியீடு கிடைத்த செய்தி நாளிதழ்களில் கொட்டை எழுத்தில் வருகின்றது. பதிவு பற்றிய இச்செய்தியைத் தொழிலாளர்க்கு எடுத்துச் சொல்வார்தாம் குறைவு.

பெயர் என்றவுடன் பிறநாட்டுச் சான்று ஒன்று நினைவிற்கு வருகின்றது. செருமானிய நாட்டு நூரம்பர்க்கு நகரில் கிறித்துமசுக் காலத்தில் நடைபெறும் சந்தை மிகப் பழையது. மரப்பொம்மைக்கும் பெயர் பெற்றது. 1737-ஆம் ஆண்டைச் சார்ந்த பட்டியல் ஒன்று, அச்சந்தையில் பொருள் விற்க உரிமை பெற்றோர் 140 பேர் எனக் காட்டுகின்றது. அந்நகரக் கைவினைஞர் ஏறத்தாழ அனைவரும் அதில் அடங்குவர். அங்குள்ள ஆராய்ச்சியாளர் அதனைக் கொண்டு யார் செய்தார், யார் விற்றார் எனப் பேச முடிகின்றது. எம் கையிலுள்ளது திருவிழாக் கடையொன்றில் தரைவாடகைக்குக் கொடுக்கப்பெற்ற துண்டுச் சீட்டு. நாள் உண்டு, தொகை உண்டு, கடை விரித்தவர் பெயர் இல்லை.

இத்துறையில் ஆய்வு செய்யப் புகும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மதுரைக்காஞ்சியின் கடைநரை உரைகளிலும் அகராதிகளிலும் தேடியபின், அம்பாசமுத்திரத்துப் பட்டறை ஒன்றில் ஒருநாள் முழுதும் இருந்து வருக. உளிகளின் பெயர், அரக்கின் பக்குவப் பெயர், மரத்தின் வைரமும் வெளுப்பும் குறித்த சொற்கள் ஆகியவற்றைக் கேட்டு எழுதுக. எழுதுமிடத்துச் சொன்னவர் பெயரையும், அவர் இசைந்தால், உடன் எழுதுக. கல்வெட்டுப் படியெடுப்போர் கல் இருக்கும் இடத்தைக் குறியாமல் விடுவதில்லை.

கல்லிடைக்குறிச்சியில் மனை ஒன்றில் பழைய மணப்பாய் ஒன்றினைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. மூங்கிற் பெட்டியிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினர். செந்நிறம் சற்றே மங்கியிருந்தது. மடிப்புகளில் கோரை முறியவில்லை. ஒரு தலைப்பில் மணமகன் பெயரும் மணமகள் பெயரும், கீழே மணநாளும் ஐயமறப் படிக்க இயன்றன. நெய்தவர் யாவர் என வினவினோம். அப்பாயில் பெயருடைய மூதாட்டியார் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். “ஆரு நெய்ஞ்சாவளோ, தெரியாதுய்யா. எங்க அப்பா பத்தமடைல போயி சொல்லிட்டு வந்தாவ” என்றார்.